பாட்டில் முழிக்க அரை மணி நேரம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் கொழுப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷருக்கு உடம்பிலும் கொழுப்பு கிடையாது, வாயிலும் கிடையாது. இருபத்தொரு வருஷமாகக் கொழுப்பு மூலக்கூறுகளை அளந்து கலந்து, கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாக்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை. நான் அதே மாடியில் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்பவள். எனக்கு வாய் நீளம் என்று அவரே சொல்வார். அவரைச் சொல்ல விட்டால் பாதியில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார் என்பதால் நானே சொல்கிறேன்.

கொழுப்பு ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் உறைபெட்டிக்குள் இருக்கும். வெளியே எடுத்ததும் அவர் திறக்க மாட்டார். மேசையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். "பாட்டில் முழிக்கட்டும்" என்பார். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே போய்ப் படியும். தண்ணீர் பட்ட கொழுப்பு நாளடைவில் கெடும். தலை போகிற அவசரம் என்று யார் வந்து நின்றாலும் அவரிடம் பருப்பு வேகாது. பேராசிரியரையே காக்க வைத்திருக்கிறார்.

அந்தக் குமிழிகளை நம்பித்தான் சோடாபுட்டி இருந்தாள். தடித்த கண்ணாடி போட்ட ஆராய்ச்சி மாணவி. நாங்கள் வைத்த பெயர் அது. அவளிடம் ஒரு புரதம் இருந்தது. இரண்டு குமிழிகளை இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிவிடும். ஒன்றானால் குமிழியில் சேர்த்த சாயத்தின் ஒளி கூடும், திரையில் கோடு ஏறும். நரம்பு சேதி சொல்வதும், கிருமி செல்லுக்குள் நுழைவதும் இப்படி இரண்டு மெல்லிய தோல்கள் ஒன்றாவதால்தானாம். அந்தக் கோட்டை இன்னும் சில தடவை ஏற்றிக் காட்டினால் அவளுக்குப் பட்டம். ஆறு வருஷக் கெடு முடிய இரண்டு மாதம் இருந்தது.

"எல்லாம் புரதம்தானே செய்யுது, கொழுப்புக்கு என்ன வேலை?" என்று ஒருநாள் அவரைச் சீண்டினாள்.

அவர் விரல்களை விரித்துக் காட்டினார். "கொழுப்புல இது தலை, இது ரெண்டு வாலு. தலை சின்னதா, வாலு அகலமா இருந்தா, ரெண்டு தோலும் ஒட்டற இடத்துல நல்லா வளைஞ்சு குடுக்கும். தண்ணி பட்டு ஒரு வாலு அறுந்துச்சுன்னு வை, தலைக்கனம் ஆயிடும். வளைய விடாது. அந்த மாதிரி கொஞ்சம் கலந்தாலே போதும், எந்தப் புரதமும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நம்ம பேராசிரியர் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அந்த வாரம் அவர் மனைவிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பார்வை நேரம் நாலிலிருந்து நாலரை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடுப்பு எடுங்கள் என்றால், "சோடாபுட்டிக்குக் குமிழி யாரு செய்வா?" என்றார். மூன்று மணிக்கு அவர் பாட்டிலைத் திறப்பதைப் பார்த்தேன். அதன்மேல் இன்னும் பனி வெள்ளையாக இருந்தது.

"என்ன அண்ணே, அதுக்குள்ள முழிச்சிடுச்சா?"

"முழிச்ச மாதிரிதான்மா" என்றார். நானும் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினொரு நாள் அப்படித் திறந்தார். பன்னிரண்டாம் நாள் அண்ணி போய்விட்டார். அவர் ஒன்றரை மாத விடுப்பில் போனார்.

இங்கே அதே பாட்டிலிலிருந்து தானே குமிழி செய்துகொண்ட சோடாபுட்டியின் கோடு படுத்துவிட்டது. புரதத்தை மாற்றினாள், உப்பை மாற்றினாள், சூட்டை மாற்றினாள். கோடு அசையவில்லை. பாட்டிலை யாரும் சந்தேகப்படவில்லை, அந்தப் பனியைப் பார்த்த நானும்தான். கொழுப்பண்ணன் கை பட்ட பாட்டில் ஆயிற்றே. "உன் கை சரியில்லை" என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரே நாளில் மூன்றாம் தடவை புதுக் கையுறை கேட்டுக் கிடங்குக்கு வந்தாள். "அக்கா, என் கைல என்னமோ இருக்கு" என்றாள். கையுறை கொடுப்பதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்?

கெடு முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் உட்காரக்கூட இல்லை. பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, கலப்படத்தைப் பிரித்துக் காட்டும் மாவு பூசிய கண்ணாடித் தகட்டில் ஏற விட்டார். ஒரே ஒரு பொட்டு இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே இன்னொரு பொட்டு. வால் அறுந்தவை. தகட்டைக் கையில் பிடித்தபடியே பேராசிரியரிடம் போய்த் தன் தப்பைச் சொன்னார்.

"இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார் பேராசிரியர். "அவ பேரை எடுத்தாச்சு. அந்த இடத்துக்கு ஆளும் வந்தாச்சு."

கொழுப்பண்ணன் மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. புதுப் பாட்டில் வர ஆறு வாரம் ஆயிற்று. அரை மணி நேரம் முழிக்க விட்டார். குமிழி செய்து, அவள் மிச்சம் வைத்துப்போன புரதத்தைச் சேர்த்தார். கோடு விறுவிறுவென்று ஏறியது. பார்க்க நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான்தான் அவளுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"உன் கை இல்லம்மா" என்றார். "என் கை. பாட்டில சில்லுன்னே திறந்துட்டேன். நாலு மணிக்கு உங்க அண்ணிகிட்டப் போகணும்னு."

கடைச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு, "அண்ணி உங்களைப் பாத்தாங்களா அண்ணா?" என்றாள்.

"ஒரே ஒரு நாள் கண்ணைத் திறந்து பாத்தா. என் கையப் புடிச்சா."

"சரிண்ணா. கஸ்டமர் நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டாள்.

அவர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நாள் திரும்ப வந்தாலும் நான் சில்லுன்னுதான்மா திறப்பேன்" என்றார். "அத அவகிட்ட எப்படிச் சொல்றது?"