சாமி வழி விட்டதாக நினைத்தேன்

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். கல்யாணமாகாத என் மகள் சுமதிக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் வந்து கிட்னியும் பாதித்துவிட்டது. அதற்காக மாதாமாதம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள்.

பௌர்ணமிதோறும் அவளைக் கோயிலுக்கு அழைத்துப்போய் விளக்குப் போடுவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். ஆனால் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் அவள் வீட்டுக்குத் தூரமாகிவிடுவாள். மருந்து ஏற்ற ஆரம்பித்த சில மாதங்களில் மாதவிலக்கே நின்றுபோனது.

"டாக்டர்கிட்ட சொல்லலாமாம்மா?" என்றாள்.

"ஆம்பள டாக்டர்கிட்ட இதையா சொல்லுவ? சாமியே வழி விட்டிருக்காருடி" என்றேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் இதற்கு மட்டும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒருநாள் நர்ஸ் கேட்டபோதுதான் விஷயம் டாக்டருக்குத் தெரிந்தது.

"இந்த மருந்து சினைப்பையையும் பாதிக்கும்மா. நின்னவுடனே சொல்லியிருந்தீங்கன்னா வேற மருந்து மாத்தலாமான்னு பாத்திருப்பேன்."

"இனிமே வருமா சார்? நாளைக்கு இவளுக்குக் குழந்தை பொறக்குமா?"

"வரலாம், வராமலும் போகலாம். இப்பவே உறுதியா சொல்ல முடியாது. கிட்னியைக் காப்பாத்த அப்ப அந்த மருந்தும் வேண்டியிருந்துச்சு."

திரும்பும்போது பஸ்ஸில் சுமதி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "கோவமாடி?" என்று கேட்டேன்.

"உன்ன கோவிச்சுக்கிட்டு இன்னாம்மா ஆவப்போவுது?" என்றாள்.

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இப்போது அவள் உடம்பில் எந்த மாற்றம் தெரிந்தாலும், டாக்டர் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மட்டும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. குளித்துவிட்டு வரும்போது முகத்தைப் பார்ப்பேன். "இன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போய்விடுவாள்.