பித்தான் கடை ராவுத்தரின் நடை

திருச்சி பெரிய கடைவீதியில் பித்தான் கடை வைத்திருந்த நிஜாமுதீன் ராவுத்தர், தம் இருநூறு டப்பாக்களில் ஒன்றின்மேலும் பெயர் எழுதியதில்லை. எதில் எந்தப் பித்தான் என்பது அவர் தலைக்குள் இருந்தது. அறுபத்தெட்டாம் வயதில் அந்தத் தலை அடிக்கடி கடையடைப்புச் செய்தது. சட்டைப் பித்தான் கேட்ட தையல்காரருக்குக் கோட்டுப் பித்தானைக் கொட்டினார்.

மகன் நசுருதீன் பசையோடு வந்தான். "பேரெழுதி ஒட்டிடறேன் அத்தா. நீங்க வீட்டுல ஓய்வா இருங்க."

ராவுத்தருக்கு அது தம் சாவுக்கான ஜனாஸா அறிவிப்பாகக் கேட்டது. "ஆறு மாசம் பொறுடா!"

நடந்தால் ஞாபகம் கூடும் என்ற டாக்டர் சொற்படி, தினமும் காலையில் காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் வரை நடந்து திரும்பினார். ஏதோ கோர்ட்டு வாய்தாவுக்கு ஓடுகிறார் என்று வண்டிக்காரர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள்.

ஆறாம் மாதம் மகன் சோதித்தான். "பச்சைக் கலர், நாலு ஓட்டை?"

"மூணாவது தட்டு, இடது ஓரம். பக்கத்துல ஒரு ஆணி. உன் மாமா நாப்பத்தெட்டாம் வருஷம் எடுத்துட்டுப் போன என் குடை அதுலதான் தொங்குச்சு."

டப்பா சரி. ஆணியும் இருந்தது. நசுருதீன் பசையைச் சாக்கடையில் கொட்டினான்.

"அல்லா காப்பாத்திட்டான்" என்று பெருமூச்சு விட்ட மனைவி சாரா பீவி, குடையைத் தேடச் சொல்லித் தம்பிக்கு உடனே ஆளனுப்பினாள்.