ஒரு பிடி அறுகம்புல் வழக்கு

இன்று நியூசிலாந்து ஒக்லண்ட் நீதிமன்றத்தில் இருந்தவர்கள்: நான், மருமகள் வதனி, கம்பனி வக்கீல், மொழிபெயர்க்க வந்த நடராசா, நீதிபதி அம்மா.

வதனி பிள்ளையார் சதுர்த்திக்கு ஓர் அரசாங்கக் கம்பனியின் வேலிக்குள் போய் ஒரு பிடி அறுகம்புல் பிடுங்கினாள். பிடித்தது கம்பனிக் காவலாளி. பொலிசுக்குப் போகாமல் வழக்குப் போட்டதும் கம்பனிதான். குற்றவாளி என்றால் அவள் விண்ணப்பித்திருக்கிற குடியுரிமை கிடைக்காமல் போய்விடும்.

“குற்றத்தை ஒத்துக்கொண்டா கெதியில முடிஞ்சிடும், மாமி,” என்றார் நடராசா, உள்ளே போகுமுன்.

“உம்மட பிள்ளையெண்டா அப்பிடிச் சொல்லுவீரோ?” என்றேன்.

விசாரணையில் நானே எழுந்து கம்பனி வக்கீலைப் பார்த்துத் தமிழில் கேட்டேன். “பிடிச்சதும் நீங்கள், வழக்குப் போட்டதும் நீங்கள். இது சரியோ எண்டு பாக்கிறது ஆர்?”

கிழவி என்ன சொல்கிறாள் என்று நீதிபதி அம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் நடராசா!

வதனி எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என் கேள்வியை அப்படியே சொன்னாள். வக்கீல் பேப்பரைப் புரட்டினார். வழக்குப் போடுமுன் கம்பனிக்கு வெளியே யாராவது அது சரியா என்று பார்த்தார்களா என்பதை எழுதிக் கொண்டுவரும்படி வக்கீலிடம் சொல்லி, நீதிபதி அம்மா ஒரு மாதம் தள்ளிவைத்தார்.

ஒரு மாதம் கழித்தும் ஒத்துக்கொள்ள மாட்டோம். கூட வருகிறவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே பதில் எழுதுங்கள். எங்கட ஆக்கள் இருக்கிற சான்ட்ரிங்ஹாமிலிருந்து நீதிமன்றத்துக்கு ஒரே பஸ்.

காவலாளி சம்பளத்துக்கு நிற்கிறவன், வக்கீலும் அப்படித்தான். இருவரையும் மன்னித்துவிட்டேன்.

நடராசாவை மன்னிக்க மாட்டேன்.