தோற்றவருக்கு முதல் ரோல்ஸ்

என் கணவர் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டங்களைக் காலைத் தேநீரோடு பார்ப்பவர். அவருடைய அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. நான் பரிதாபப்பட்டேன். அவர் சிரித்தார்.

"விரும்பித்தான் தோக்கிறாங்கள். கடைசியா வாற அணிக்குத்தான் அடுத்த வருசம் திறமான புது ஆளை முதல் எடுக்கச் சந்தர்ப்பம் கூட."

"அதைத் தடுக்க ஏலாதோ?"

"சீட்டுக் குலுக்கியும் பாக்கிறாங்கள், நிக்கேல்லை. இங்கை ஜேர்மனியிலை எண்டால் கடைசியா வந்தா கீழ்ப் பிரிவுக்கு இறக்கிப்போடுவாங்கள்."

என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலும் அந்த அமெரிக்கச் சட்டம்தான், போட்டவள் நான். ஐந்து வயது மகள் லூடோவில் தோற்றால் அழுகிறாள் என்று, தோற்றவரே பலகாரத் தட்டிலிருந்து முதல் ரோல்ஸை எடுக்கலாம் என்றிருந்தேன். சில வாரங்களாக அவள் அழவேயில்லை. தோல்வியைத் தாங்கப் பழகிவிட்டாள் என்று கிண்டர்கார்டன் ஆசிரியையிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டி. அங்கும் அவள் வேண்டுமென்றே கடைசியாக வந்தால், அது என் வளர்ப்பு.

"அப்ப ஜேர்மன்காரர் மாதிரி இறக்கிப் பாருமன்" என்றார் கணவர். தோற்றவர் கோப்பை கழுவ வேண்டும் என்று சட்டத்தை மாற்றினேன். மகள் முக்காலியில் ஏறி, முழங்கைவரை சவர்க்கார நுரையோடு ஒரு மணித்தியாலம் நின்றாள். அடுத்த ஆட்டத்தில் இன்னும் ஊக்கமாகத் தோற்றாள்.

"இனித் தோத்தா ஒண்டும் இல்லை" என்றேன்.

"வெண்டா?"

"வெண்டாலும் இல்லை."

"அப்ப ஏன் விளையாடுறம்?"

நான் லூடோப் பலகையை மடித்து வைத்தேன்.

சனிக்கிழமை மைதானத்தில், முடிவுக் கோட்டுக்கு அருகிலேயே பரிசு மேசை. முதலாவதாக வருபவருக்கு ஒரு சிறிய கிண்ணம். மற்றவர்களுக்கு ஆறுதல் பரிசாக நிறப் பென்சில் பெட்டிகள், பெரியவை. நான் பொறுப்பாளரிடம் ஓடினேன்.

"அண்ணை, அந்தப் பெட்டியளை ஒருக்கா மூடி வையுங்கோ. பிள்ளையளுக்குத் தோக்க ஆசை வரும்."

"தங்கச்சி, இது ஐஞ்சு வயசுப் பிள்ளையளின்ரை ஓட்டம்" என்றவர், பக்கத்திலிருந்தவரிடம், "படிச்ச ஆக்களோடை இதுதான் கரைச்சல்" என்றார்.

அண்ணை விசில் ஊதினார். மகள்தான் முன்னால் ஓடினாள். வீணாகச் சந்தேகப்பட்டேனே என்று கண் கலங்கியபோது, கோட்டுக்குப் பத்தடி முன்னால் அவள் மேசையைக் கண்டாள். நின்றாள். பின்னால் வந்த பிள்ளையும் மேசையைப் பார்த்து நின்றது. சற்று நேரத்தில் ஆறு பேரும் வரிசையாக நின்று, "நீ முதல் போ", "இல்லை, நீ போ" என்று உபசரித்துக்கொண்டார்கள். பெற்றோர் இரு பக்கமும் கத்தினார்கள். அண்ணை வாயில் விசிலோடு என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன்.

பிறகு அவர் ஒலிவாங்கியை எடுத்தார். "எல்லாருக்கும் பென்சில் பெட்டி உண்டு. முதல் வாற பிள்ளை முதல் எடுக்கலாம்."

சொல்லி முடிப்பதற்குள் ஓடிவிட்டார்கள். மகள் மூன்றாவது. அவள் ஆசைப்பட்ட ஊதா நிறப் பெட்டி போய்விட்டது. என் மடியில் விழுந்து, தோற்றுவிட்டேன் என்று அழுதாள்.

எனக்கு அப்படியொரு நிம்மதி. பிள்ளை அழும்போது ஒரு தாய் இப்படி மகிழலாமா என்று உடனே கவலையும் வந்தது.

"இனி அழாமல் இருக்க என்ன சட்டம் போடப் போறீர்?" என்றார் கணவர்.

அவளுக்கு ரோல்ஸ் எடுக்கப் பைக்குள் போயிருந்த கையை மெல்ல வெளியே எடுத்தேன்.