முள்விறகு சுமந்த மேற்பார்வையாளர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இந்த அயல்நாட்டில் நான் வசிக்கும் பாபகூராவின் ரயில் நிலையத்தில் நின்றபோது சண்முகம் அண்ணையின் மகள் அழைத்தார். "அப்பா தவறிட்டாரு, ஆன்ட்டி." அழுகையோடு பெருமையும் வந்தது. அந்த மனிதரோடு பதினொரு ஆண்டுகள் வேலை செய்தவள் நான்.

மலேசியாவில் சீனப் பள்ளியில் படித்தவர் அவர். பக்கத்து ஊரான மங்கரேயின் சரக்குக் கிடங்கில் எங்கள் மேற்பார்வையாளர். சாப்பாட்டு வேளையில் சீனரின் நான்கெழுத்துத் தொடர்களை விளக்குவார். 'லியாங் ஷியூ சிங் ஃபெங்' என்றால் இரு சட்டைக்கைகளிலும் தூய காற்று. மற்றவர்கள் பரிசுப்பொருட்களோடு தலைநகர் போன காலத்தில், தன் சட்டைக்கைகளில் காற்று மட்டுமே இருப்பதாகச் சொன்ன ஓர் அதிகாரியிடமிருந்து அந்தத் தொடர் வந்ததாம். லஞ்சம் வாங்காத ஒருவரை இன்றும் அப்படித்தான் புகழ்வார்களாம்.

ஒருமுறை, குளிரறைக்குப் போகவேண்டிய மருந்துப் பெட்டிகள் வெளியில் கிடந்து பழுதாகின. அண்ணை எல்லோர் முன்னிலையிலும் வெய் என்ற சீனத் தொழிலாளியைத் திட்டி, நிர்வாகத்துக்கும் புகார் எழுதிவிட்டார். வெய்யின் விசா அந்த வேலையை நம்பியிருந்தது.

மூன்றாம் நாள், ஆவணங்களை அடுக்கும்போது நான் ஒரு தாளைக் கண்டேன்.

"அண்ணை, குளிரறைக்கு அனுப்பச் சொன்ன தாள் இது. வெய்யிட்ட போகவே இல்லை. உங்கட மேசையில கிடந்தது."

தாளை வாங்கிப் படித்தார். "வேற யாராச்சும் பார்த்தாங்களா?"

"இல்லை."

"அப்போ எல்லாரும் பார்க்கட்டும்."

மறுநாள் காலை அனைவரும் கூடியிருக்க, வெய்யின் முன் தலைகுனிந்து, "ஃபூ ஜிங் சிங் ஸுய்" என்றார். சீன நண்பர்களுக்கு அது உடனே புரிந்தது. எங்களுக்கு அவரே பொருள் சொன்னார்: முள்விறகு சுமந்து வந்து தண்டனை கேட்பது. பழங்காலத் தளபதி ஒருவர், தன்னைவிட உயர்ந்த பதவி பெற்ற அமைச்சரை அவமதிக்கத் திரிந்தார். இருவரும் மோதினால் எதிரி தம் நாட்டுக்குள் புகுந்துவிடுவான் என்றே அமைச்சர் ஒதுங்கிப் போனார். அதை அறிந்ததும் தளபதி வெற்று முதுகில் முள்விறகைக் கட்டிக்கொண்டு, அடியுங்கள் என்று அவர் வாசலில் போய் நின்றார். பிறகு இருவரும் உயிர் நண்பர்களானார்கள்.

"தப்பு என்னோடது. வெய்யோடது இல்ல" என்று முடித்தார். வெய் அவரைக் கட்டிக்கொண்டார்.

நிர்வாகத்துக்கும் அதையே எழுதினார். வெய்யின் வேலை தப்பியது. அண்ணையின் பதவி போயிற்று. மேற்பார்வையாளராகும் முன் செய்ததுபோல, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார்.

"நான் அதைக் காட்டாமல் விட்டிருக்கலாம், அண்ணை" என்றேன் ஒருநாள்.

"காட்டலன்னா, தங்கச்சி, பின்னால தெரியவந்தப்போ வெய் முகத்த எப்படிப் பார்த்திருப்பேன்?"

பிறகு மஞ்சள் மேலங்கியை இழுத்துவிட்டு, வண்டியில் ஏறி, நிமிர்ந்து அமர்ந்து, பெட்டிகளுக்கிடையே போனார். அந்த முதுகைத்தான் இப்போதும் பார்க்கிறேன். போய் வாருங்கள், அண்ணை. உங்களுக்குக் கீழே வேலை செய்தோம் என்று தலைநிமிர்ந்து சொல்வோம்.