ஏரிப்படகில் ஒரு கடல்காரன்

பாகூர் ஏரியில் வலை போடுகிறவர்களிடம் கேட்டால் ஜெயசித்ரா வாய் திறக்காதவள் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். கரையில் அவள் பேச ஆரம்பித்தால் மீன் வாங்க வந்தவர்கள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நிற்பார்கள். அவளுடைய தராசைப் பற்றிச் சந்தேகம் கிளப்பிவிட்டு மானம் மரியாதையோடு வீடு போய்ச் சேர்ந்தவர் எவருமில்லை. படகில் ஏறினால் மட்டும்தான் அவள் ஊமை. அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு வந்த வியாதி.

அதற்கு முன் அந்தப் படகே அவளுடையதுதான். அப்பா சுப்புராயன் நெல் வயலிலும் கரும்புக் கொல்லையிலும் கூலிக்குப் போவார். ஏரி நிரம்பிய மாதங்களில் வலை போடுவார். வலை போட இரண்டு கை வேண்டும், படகை நிறுத்திப் பிடிக்க இன்னும் இரண்டு கை வேண்டும். அந்த இன்னும் இரண்டு கைதான் ஜெயசித்ரா. பாவாடை கட்டிய வயசிலேயே பின்பலகையில் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தாள். அப்பா போன பிறகும் பின்பலகையை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. ஆள் பிடித்து வலை போட வைத்து, தானே படகை ஓட்டினாள்.

தணிகைவேல் வந்தது மீன் அங்காடி வழியாக. அவன் மணப்பட்டுக்காரன், கடல் மீன் கொண்டுவருவான். இவள் ஏரி மீன். இரண்டு கூடைகளும் பக்கத்துப் பக்கத்தில். முதலில் இடத்துக்குச் சண்டை, அப்புறம் ஐஸ் கட்டிக்குச் சண்டை, கடைசியில் சண்டை போட வராத நாளில் சோறு இறங்காத நிலைமை. சாதி வேறு, ஊர் வேறு. அப்பா அம்மா இல்லாத தணிகைவேலைத் தூக்கி வளர்த்த அண்ணன் செல்லக்கண்ணு, கல்யாணப் பேச்சு எடுத்ததுமே கறாராகச் சொல்லிவிட்டார்: "அந்தப் பொண்ணத்தான் கட்டுவன்னா, என் போட்ல கால வைக்காத."

கட்டினான். படகில் கால் வைக்கவில்லை. பிறகு அண்ணன் இருந்த தெருப் பக்கமே போகவில்லை.

ஜெயசித்ராவின் மனசில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. ஒரு ஆள் தனக்காகக் கடலையே விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவனுக்குக் கொடுக்க அவளிடம் என்ன இருக்கிறது? ஒரு ஏரி, ஒரு தட்டை அடி ஃபைபர் படகு. முதல் நாளே பின்பலகையையும் துடுப்பையும் அவனிடம் கொடுத்துவிட்டு முன்னால் போய் வலையருகே உட்கார்ந்துகொண்டாள். துடுப்பு பிடித்தவர் பேச்சைத்தான் படகு கேட்கும் என்பது அந்த ஏரியின் வழக்கம். ஆகவே பேச்சையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள்.

அவனும் வாங்கிக்கொண்டான். "கடல்ல இப்படித்தான்" என்று ஆரம்பிக்காமல் அவனால் ஒரு கயிற்றைக்கூட முடிச்சுப் போட முடியாது. திருப்பத்தில் எழுந்து நிற்பான். கரையோரம் வந்தால் பயந்துகொண்டு படகை உள்ளே ஓட்டுவான். அவன் செய்வது தப்பு என்று தெரிந்த ஒவ்வொரு தடவையும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வலையின் தக்கைகளை எண்ணினாள். அமைதியான தண்ணீரில் தப்பு செய்தால் என்ன ஆகிவிடப் போகிறது, ஆம்பிளை மனசு நோகாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் ஒரு பயம் மட்டும் அவளை விடவில்லை. வேலை முடிந்த பிறகு தணிகைவேல் ஏரிக்கரை மேல் ஏறி, கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பான். கிழக்கே வயலும் தென்னையும்தான் தெரியும். அதற்கும் அப்பால் கடல். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். என்றைக்காவது ஒரு நாள் இந்த ஆள் கடல் தேடிப் போய்விடுவான், போனால் திரும்பி வரமாட்டான் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு வந்த இரவுகளில் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அவனுக்கு அது தெரியாது.

கார்த்திகையில் ஒரு புயல் கிளம்பியது. கடலோரமெல்லாம் மைக் கட்டி, யாரும் கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஏரிக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. ஏரிக்கு யார் மைக் கட்டுவார்கள்? முந்தின நாள் போட்ட வலை உள்ளே கிடந்தது. விட்டால் மீனும் அழுகும், வலையும் போகும். காற்று வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று காலையில் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

வலையை எடுத்தும் விட்டார்கள். கெண்டையும் ஜிலேபி மீனும் படகுக்குள் துள்ளிக்கொண்டிருந்தன. நல்ல பாடு என்று தணிகைவேல் சிரித்த நேரத்தில் வடகிழக்கில் வெளிச்சம் செத்தது. பத்து விரல் மடக்குவதற்குள் காற்று வந்து முகத்தில் அறைந்தது.

கடல் அலைக்கும் ஏரி அலைக்கும் வித்தியாசம் உண்டு. கடல் அலை நீளமானது, தூக்கும், இறக்கும், நடுவில் மூச்சு விட நேரம் தரும். ஏரி அலை குட்டை. ஒன்று அடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். தட்டை அடிப் படகு அதைப் பக்கவாட்டில் வாங்கினால் இரண்டாவது அலையிலேயே தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

தணிகைவேல் செய்ததெல்லாம் கடல் வீட்டுப் பிள்ளை செய்கிற காரியம். கரையோரம் அலை உடையும், கரைதான் ஆபத்து, உள்ளே போய்விட்டால் தப்பித்தோம் என்று படகை ஏரியின் நடுவுக்குத் திருப்பினான். அலை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எழுந்து நின்றான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஜெயசித்ராவின் மடியில் கொட்டியது.

"இன்னாங்க..." என்றாள் அவள். காற்றில் அது அவளுக்கே கேட்கவில்லை.

"பயப்படாத. நடுவுல போயி நின்னுக்கலாம். கடல்ல இப்படித்தான்."

அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அடுத்த அலை வந்தது. இத்தனை வருஷம் கடித்துக்கொண்டிருந்த உதட்டை ஜெயசித்ரா விட்டாள்.

"டேய்! ஒக்காருடா கீழ!"

கட்டின புருஷனை அவள் 'டேய்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தணிகைவேல் சடாரென்று உட்கார்ந்தான். பலகையில் இல்லை, அடித்தரையில், மீன்கள் மேலேயே.

"துடுப்பக் குடு. முட்டி போட்டே முன்னால போ. எழுந்திரிச்ச, காலை ஒடிச்சிடுவேன்."

கொடுத்தான். அவள் குனிந்தபடியே ஊர்ந்து பின்பலகைக்கு வந்தாள். பலகைக்கு அடியில் கட்டியிருந்த காலி எண்ணெய்க் கேன்கள் இரண்டையும் அவிழ்த்து ஒன்றை அவன் பக்கம் எறிந்தாள். "இடுப்புல கட்டிக்க." இன்னொன்றைத் தானும் கட்டிக்கொண்டாள். பிறகு படகின் மூக்கைக் காற்றுக்கு நேராக இல்லாமல் சற்றே சாய்த்துத் திருப்பினாள். நேராகக் குத்தினால் மூக்கு மூழ்கும், பக்கவாட்டில் வாங்கினால் கவிழும். நடுவில் ஒரு சாய்வு இருக்கிறது. அது அவள் தோளுக்குத் தெரியும்.

காற்றின் போக்கில் விட்டால் கரை கிட்டேதான். ஆனால் அங்கே கருங்கல் பதித்த சரிவு. அதில் மோதினால் படகு சுக்குநூறு. வடக்கே கோரை அடர்ந்த ஓரம் இருக்கிறது, அதற்குள் புகுந்துவிட்டால் அலை செத்துவிடும். அங்கே போக எதிர்க்காற்றில் தள்ள வேண்டும். அவள் தள்ளினாள். சின்னச் சின்ன இழுப்பு, துடுப்பைத் தண்ணீரை விட்டு அதிகம் தூக்காமல். கொஞ்ச நேரம் படகு முன்னேறியது. பிறகு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு பின்னால் போக ஆரம்பித்தது.

"கை வுட்டுப் போச்சு" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னால முடியலங்க."

முன்னால் பெயிண்ட் டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த தணிகைவேல் திரும்பிப் பார்த்தான். அடியில் கிடந்த வலையைப் பார்த்தான். வலையின் தலைக்கயிற்றைப் படகின் மூக்கு வளையத்தில் இறுக்கிக் கட்டி, ஈர வலை மொத்தத்தையும் சுருட்டித் தண்ணீரில் எறிந்தான். கயிறு விறைத்தது. தண்ணீருக்குள் வலை கனத்துப் பிடித்துக்கொள்ள, படகின் மூக்கு தானாகவே காற்றைப் பார்த்து நின்றது. பின்னால் போகிற வேகம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

"நீ கையத் தொங்கப்போட்டு ஒக்காரு" என்றான். "நான் எறைக்கிறேன்."

இறைத்தான். அப்படி ஒரு இறைப்பை அவள் பார்த்ததில்லை. டப்பா போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரியவில்லை. படகு அடி காய்ந்தது. மூச்சு வாங்கி, தோள் வலி அடங்கி, காற்றும் ஒரு கணம் தளர்ந்தபோது ஜெயசித்ரா துடுப்பை எடுத்தாள். அவன் வலையை இழுத்து உள்ளே போட்டான். காற்று மறுபடி வலுத்தால் வலை தண்ணீருக்குள் போகும், தளர்ந்தால் துடுப்பு போகும். இப்படியே மாறி மாறிச் செய்து கோரைக்குள் புகுந்தார்கள்.

உள்ளே போனதும் அலை நின்றது. தலைக்கு மேல் கோரை மட்டும் பேயாட்டம் ஆடியது. தணிகைவேல்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"இதெல்லாம் ஒனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியாம? பொறந்ததுலேர்ந்து இதுலதான கெடக்கிறேன்."

"அப்புறம் ஏன்டி ஒரு நாளும் வாயத் தொறக்கல?"

"எனக்கோசரம் கடலயே வுட்டுட்டு வந்த ஆளு. ஏரியிலயும் ஒனக்கு ஒண்ணும் தெரியலன்னு எந்த வாயால சொல்லச் சொல்ற?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நடுவிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

"சித்ரா, நான் கடல்ல ஒரு நாளும் போட் ஓட்டினதில்லடி. அண்ணன்தான் ஓட்டும். நான் தண்ணி எறைக்கிறவன், ஐஸ் ஒடைக்கிறவன். காத்து அடிச்சா வலைய மூக்குல கட்டுடான்னு அது கத்தும், நான் கட்டுவேன். அவ்ளோதான் எனுக்குத் தெரியும். நான் வந்த அன்னிக்கே நீ துடுப்பத் தூக்கிக் கையில குடுத்துட்ட. பெரிய கடல்காரன்னு நெனச்சிக்கினு இருக்கியே, இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

ஜெயசித்ராவுக்குத் தலையில் அடித்துக்கொள்வதா கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தாள். ஒரு பொய்யை இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஒருத்தருக்காக ஒருத்தர், இத்தனை வருஷம் பத்திரமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இன்றைக்கு அதற்காக உயிரையே விட இருந்தார்கள். இந்த மாதிரிப் பைத்தியங்களை வேறு ஊரில் பார்க்க முடியாது.

அப்புறம் அவளுக்கு அந்தப் பழைய பயம் வந்தது. கேட்டுவிட்டாள்.

"அப்ப தெனம் கரை மேல ஏறி கெழக்கால பாக்கறியே? கடல் ஞாபகந்தான?"

"கடல் எனுக்கு இன்னா சொந்தமா?" என்றான் தணிகைவேல். டப்பாவை எடுத்து, இல்லாத தண்ணீரை இறைக்கப் பார்த்தான். "அந்நேரத்துக்குத்தான் அண்ணன் போட் கரை ஏறும். ஏறியிருக்குமான்னு நெனப்பேன். அதுக்கு வயசாவுது. இப்ப யாரு எறைக்கிறாங்களோ."

அவ்வளவுதான் சொன்னான். அவள் எதையெல்லாமோ நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். அவன் அண்ணனைத்தான் தேடுகிறான் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அவனுக்காக அவள் நெஞ்சு வலித்தது. தன் பயத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

புயல் ஓய்ந்து வெயில் வந்த ஒரு காலையில், மூன்று நல்ல விராலைத் தண்ணீர்க் குடத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு ஜெயசித்ரா மணப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். சந்தைக்குப் போகிறேன் என்று தணிகைவேலிடம் சொன்னாள். திட்டினால் வாங்கிக்கொள்வது, விரட்டினால் குடத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவது. வழி முழுக்க இதையே மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

செல்லக்கண்ணு மேலே ஏற்றி வைத்த படகின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஊசி நின்றது. அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"மாமா, நான் ஜெயசித்ரா. பாகூர்..."

"தெரியும்" என்றார். ஊசி மறுபடி ஓட ஆரம்பித்தது. தலை நிமிராமலே கேட்டார்: "மூக்குல வலையக் கட்டி எறிஞ்சது அவன்தான?"

ஜெயசித்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏரியில் நடந்தது அவர்கள் இரண்டு பேரையும் கோரையையும் தவிர யாருக்கும் தெரியாது.

"ஒங்களுக்கு யாரு மாமா சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? ஏரிக்கரை மேலதான நின்னுக்கினு இருந்தேன். எங்கள எல்லாம் கடலுக்குப் போவாதன்னு கட்டிப் போட்டுட்டாங்க. காத்து மொதல்ல எங்களத்தான அடிக்கும். அடிச்சதும் பைக்க எடுத்துக்கினு ஓடியாந்தேன். எழுந்து நிக்கிறான் மடையன். எனுக்கு உசுரே இல்ல. அப்புறம் நீ துடுப்ப வாங்கின."

"அப்ப ஏன் மாமா எங்ககிட்ட வரல?"

"கோரைக்குள்ள போயிட்டீங்களே. அதுக்கப்புறம் எனுக்கு அங்க இன்னா வேல?"

அவர் வலையை விரித்துப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். முகம் வலைக்குப் பின்னால் இருந்தது.

"அன்னிக்கு மட்டும் இல்லம்மா" என்றார். "அவன் அங்க வந்ததுலேர்ந்து, எந்தக் காத்து அடிச்சாலும் அந்தக் கரையிலதான் நிப்பேன்."

ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தணிகைவேலைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டிருந்தது. அவன் எடுத்து "எங்கடி இருக்க?" என்று கேட்டதும், போனை வலைக்கு அந்தப் பக்கம் நீட்டினாள்.