மனப்பாடமான எழுத்து அட்டை

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வார். இன்ன பவர் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. அந்தத் தலைக்கனம்தான் அவரைப் படுத்தியது.

ஒருநாள் காலையில் அவருக்கு இடது கண் மங்கியது. கதவு நிலை நெளிந்து தெரிந்தது. வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. பவர் கூடிவிட்டதாக அவரே தீர்ப்பெழுதி, தனக்கு ஒரு கண்ணாடி செய்துகொண்டார். சரிப்படவில்லை என்று இன்னொன்று செய்தார். மூன்றாவதற்கு உட்கார்ந்தபோது நான் ஷட்டரை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மருத்துவர் ஒரு இளம்பெண். விழித்திரையைப் படம் எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று ஒரு வட்டம், அதில் வேர்வேராகப் பிரிந்து ஓடும் ரத்தக் குழாய்கள். நான் தினமும் முறைத்துச் சண்டை போடும் கண்ணுக்குள்ளா இத்தனையும் இருந்தது? மேல்பக்கம் மட்டும் ரத்தம் தீற்றல் தீற்றலாகச் சிதறியிருந்தது.

"இந்த இடத்துல ரெண்டு குழாயும் குறுக்க போகுது பாருங்க. உங்களுக்கு பிரஷர் ரொம்ப நாளா இருந்திருக்கு. ரத்தம் கொண்டு வர்ற குழாய் தடிச்சு, திருப்பி எடுத்துட்டுப் போற குழாய நசுக்கிடுச்சு. அது அடைச்சு, ரத்தமும் நீரும் கசிஞ்சு நடுப்பகுதி வீங்கியிருக்கு," என்றார். "வீக்கம் வத்த கண்ணுக்குள்ள ஊசி போடலாம். மாசம் ஒண்ணு. எவ்வளவு பார்வை திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"கண்ணுக்குள்ளயா?" என்று இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சொட்டு மருந்தில் மரத்துப்போன வெள்ளை விழியில் குத்தினார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த மாதம் அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். நான் பூரித்துப் போனேன். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார்.

"வீக்கம் அவ்வளவா குறையலையே. இதோட இவ்வளவு தூரம் படிக்க முடியாதே."

இவர் விட்டத்தைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்பாதீங்க டாக்டர். இதே அட்டைதான் எங்க கடையிலயும் இருக்கு. தூக்கத்துல கேட்டாலும் சொல்வாரு."

வெளியே வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். "ஏங்க, யார ஏமாத்துறீங்க?"

"தெரியலன்னு என் வாயால சொல்லிட்டா, அப்புறம் தெரியாமலே போயிடுமோன்னு பயமா இருந்துச்சு," என்றார். அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை.

பிரஷர் மாத்திரை தவறவில்லை. இன்னும் இரண்டு ஊசி போட்டார்கள். அதற்கடுத்த ஸ்கேனில், குன்றுபோல் எழும்பியிருந்த வீக்கம் தணிந்து, நடுவில் இயல்பான சின்னப் பள்ளம் திரும்பியிருந்தது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காத அந்த மேடுதான் இந்த மனுஷனை மூன்று மாதமாக ஆட்டிவைத்தது என்று நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

மருத்துவர் எண்கள் அச்சிட்ட வேறொரு அட்டையை மாட்டினார். இவர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டும் குழந்தைபோல் இறங்கி வந்தார். ஆறாவது வரியில் தயங்கினார்.

"மூணு... அஞ்சு... எட்டு."

"கடைசி எட்டு இல்ல, ஆறு," என்றார் மருத்துவர்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஒப்பிக்கிற மனுஷன் ஒரு எழுத்துகூடத் தப்பமாட்டார். இப்போது அவர் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.